பதினொரு எழுத்தும் ஒரு பெயரும்

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் ஐ.எஃப்.எஸ்.சி. என்று பதினொரு எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது எப்படி வந்தது, எதுவரை நம்மைக் காப்பாற்றும் என்று பார்ப்போமா?

முன்பெல்லாம் வெளியூருக்குப் பெரிய தொகை அனுப்ப டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துத் தபாலில் போடுவார்கள். நாள் கணக்கில் ஆகும். ஆனால் டிராஃப்டில் பெறுகிறவர் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குத்தான் பணம்.

ரிசர்வ் வங்கி 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் நெஃப்ட் முறைகளைத் தொடங்கியது. காகிதம் போனது. எந்தக் கிளை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமே? அதற்குத்தான் இந்தக் குறியீடு. முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை.

வங்கி மாறினால் குறியீடும் மாறும். 2020 நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. பழைய குறியீடுகள் 2022 மார்ச் முதல் செல்லாமல் போயின.

சரி, குறியீடு சரியாக இருந்தால் போதுமா? போதாது நண்பர்களே! அது கிளையைத்தான் காட்டும், ஆளை அல்ல. பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஓர் இலக்கம் பிசகி, அந்த எண்ணில் இன்னொருவர் கணக்கு இருந்தால் பணம் அவருக்கு!

வேகம் வந்தபோது தொலைந்த அந்தப் பெயர் திரும்பி வர இருபது வருடம் ஆனது. அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. ஆகவே குறியீட்டைச் சரிபாருங்கள். பெயரையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.