யாழ் நரம்பும் பௌதிக இழையும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலே விபுலாநந்த அடிகளாரின் சமாதி அமைந்துளது. 1892இல் காரைதீவிற் பிறந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற அடிகளார், வழக்கொழிந்த யாழினை மீட்கக் கணிதத்தைத் துணைக்கொண்டார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கின் குரல் இளியாகும். பாதியாக்கின் மேல்தானத்துக் குரலாகும். பலவாய்த் தோன்றும் பண்களின் சுரநிலைகளை இத்தகைய சில விகிதங்களினின்றும் கணித்தல் கூடுமென யாழ்நூல் காட்டிற்று.

அடிகளார் மறைந்து இருபதாண்டு கழிந்தபின், பௌதிகமும் அதிரும் நரம்பினை நாடியது. 1968இல் வெனிசியானோ கண்ட சூத்திரம் நுண்ணிய இழைகளின் அதிர்வைக் குறிப்பதென, 1970 அளவில் நம்பு, நீல்சன், சஸ்கின்ட் ஆகியோர் உணர்ந்தனர். துணிக்கைகள் யாவும் ஒரே வகை இழையின் வெவ்வேறு அதிர்வுகள் என்பதும், அவற்றுள் ஒன்று ஈர்ப்புவிசைக்கு உரியது என்பதும் இக்கொள்கையின் துணிபு. ஈர்ப்பினையும் குவாண்டக் கொள்கையினையும் இணைக்கும் நெறி இதுவெனக் கருதி, 1984க்குப் பின் அறிஞர் பலர் இதன்கண் முனைந்தனர்.

எனினும், ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியபோது, அடிகளார் கண்டுணர்த்திய யாழ்கள் மீட்டப்பெற்றன. கணக்கு செவியின் தீர்ப்புக்கு உட்பட்டது. இழைக்கொள்கையோ பரிசோதனையின் தீர்ப்பினை இன்னும் பெற்றிலது. கணித அழகு மட்டும் அதற்குச் சான்றாகாது.