மணமுறிவுச் சட்டமும் குழந்தைகளின் நலனும்

"திருஅவை நீதிமன்றம் என் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இனி நான் மறுமணம் செய்யலாம்தானே?" நம் பங்குகளில் பலருக்கு இந்தக் கேள்வி எழுகிறது. திருஅவைச் சட்டமும் நாட்டுச் சட்டமும் தனித்தனியானவை என்பதை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

திருஅவைத் தீர்ப்பு நாட்டுச் சட்டப்படி மணமுறிவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் கூறியது. அதை மட்டும் நம்பிச் செய்யும் இரண்டாவது திருமணத்தைச் சட்டம் ஏற்காது. அதுபோலவே, அரசு நீதிமன்றம் தரும் மணமுறிவு திருமண அருட்சாதனத்தின் பிணைப்பை அவிழ்ப்பதில்லை.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம். முன்பு மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டிக் கணவன் மணமுறிவு பெறலாம். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு, கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் காட்ட வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அநீதியை நீக்கியது. இப்போது விபசாரம், கொடுமை, இரண்டு ஆண்டுகள் கைவிட்டிருத்தல் ஆகியவை ஒவ்வொன்றும் இருவருக்கும் தனிக் காரணங்களே.

இருவரும் சம்மதித்துப் பிரியவும் பிரிவு 10-அ வழி செய்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் இதை ஓராண்டாகக் குறைத்து, 2022-ல் அந்த நிபந்தனையும் செல்லாது என்றது. மற்ற மாநிலத்தவர் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்டறிவது நல்லது.

குழந்தைகள் யாரிடம் வளர்வது? வழக்கு நடக்கும்போதும் முடிந்த பிறகும், அவர்களின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றி நீதிமன்றம் ஆணையிடலாம். வழக்குக் காலத்தில் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி குறித்த மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பதும் சட்டம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படியும் நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலனையே. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். வழக்கில் வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு அல்ல குழந்தை!

திருஅவையின் போதனையும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் சட்ட உரிமைகளுக்கும் வேறு வழியே இல்லாதபோது, அரசு வழங்கும் மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி (எண் 2383). திருமணம் செல்லாதது எனத் தீர்ப்பானாலும், செல்லும் என்று நம்பிச் செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே (திருஅவைச் சட்டம் 1137). "என் பிள்ளைக்கு இழுக்கு வருமோ?" என்ற அச்சம் எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

பிரிவின் விளிம்பில் நிற்போர் பங்குத்தந்தையையும் வழக்கறிஞரையும், இருவரையுமே தயங்காமல் அணுகட்டும். நாமோ அந்தக் குடும்பத்தைப் பற்றிப் புறம்பேசுவதை விடுத்து, அதன் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பிலும் திருப்பலியிலும் முன்புபோலவே அன்போடு வரவேற்போம்.