குழி, குதிரை, கைப்பேசி

சப்ரகமுவ மாகாணமும் சூதாட்டக் கட்டளைச் சட்டமும் ஒரே ஆண்டில், 1889-இல் பிறந்தன. இரத்தினபுரியையும் கேகாலையையும் மேல் மாகாணத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைக்கார அரசு, பொது இடத்தில் பணம் வைத்து விளையாடுவதையும் அதே ஆண்டில் குற்றமாக்கியது. சேவற்சண்டை என்றால் பணம் வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். ஆனால் காவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது. சூதாட்டத்தை விட்டுவிட்டு எங்கள் மாகாணத்தின் கதையைச் சொல்ல முடியாது.

கைப்பேசி விளையாட்டில் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று இப்போது எங்கும் பேச்சு. அவர்களுடைய அப்பாமாரும் தாத்தாமாரும் எதில் கிடந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

என் சிறுவயதில் சம்பள நாள் இரவென்றால் லயத்துக் கோடியில் சாக்கு விரித்து, சிமினி விளக்கு வைத்து மங்காத்தா நடக்கும். தோட்டத்து மேற்பார்வைக்காரர் வருகிறாரா என்று பார்க்க ஒரு பொடியன் காவலுக்கு நிற்பான். "கண்டாக்கய்யா வாறாரு!" என்று அவன் கத்தினால் விளக்கு அணையும், சீட்டுக்கட்டு சாரத்துக்குள் போகும். காம்பராக்களின் வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். கடைப்பற்று அடைக்கவேண்டிய காசு அந்தச் சாக்கின் மேல்தான் கிடந்தது. தீபாவளி அட்வான்ஸ் கிடைக்கும் கிழமையில் ஆட்டம் விடியும்வரை போகும்.

அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. தொழிலாளியின் கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவனோடு சேர்த்தே மாற்றிய துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. துண்டு போனாலும் கடன் போகவில்லை. கங்காணி கணக்கிலிருந்து கடைக் கொப்பிக்கு மாறியது, அவ்வளவுதான். கழுத்துவரை கடனில் நிற்பவன் ஐந்து ரூபாயை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறான்? அது ஐம்பதானால்தான் மூச்சுவிடலாம். அவன் கணக்கு அது.

இரத்தினபுரிப் பக்கத்தில் இந்தக் கணக்குக்குத் தோதான இடம் மண்ணுக்குள்ளேயே இருந்தது. மாணிக்கக் குழியில் நாட்கூலி பெரிதாக இல்லை. சாப்பாட்டுச் செலவும் பங்கும்தான். நிலக்காரனுக்கு ஒரு பங்கு, பணம் போட்ட முதலாளிக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் மிஷின்காரனுக்கு ஒரு பங்கு, மிச்சம் வெட்டுகிறவர்களுக்கு. தோட்டத்துப் பையன்கள் பகலில் ரப்பர் பால் வெட்டிவிட்டு இரவில் ஓடையோரம் களவாகவும் தோண்டினார்கள். இல்லம் கழுவுவதை ஒருமுறையாவது கிட்ட நின்று பார்க்கவேண்டும். மாணிக்கம் கிடக்கும் அந்தச் சரளை மண்ணுக்கு அங்கே இல்லம் என்று பெயர். பிரம்புக் கூடையில் அள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுழற்றுவார்கள். சேறும் லேசான கல்லும் விளிம்பால் வழிந்தோட, கனமானது அடியில் தங்கும். பிறகு கூடையைச் சரித்து வெயிலுக்குக் காட்டி விரலால் தடவுவார்கள். அந்த நேரத்தில் கரையில் ஒருவரும் பேசமாட்டார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு சின்னக் கல் வரும். அந்த எப்போதாவதுக்காக ஆட்கள் வருஷக்கணக்கில் குழியை விட்டு ஏறவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் அவருடைய சகா ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து ஆய்வுசெய்து எழுதிய புத்தகம் 1957-இல் வந்தது. எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும், தீனியை நிறுத்தினாலும் லேசில் விடாது என்று அதில் காட்டினார்கள். அதை வாசித்தபோது எனக்குக் கூடையைச் சரிக்கும் அந்த விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

குழியில்லாத ஊர்களுக்கும் குதிரை வந்தது. கொழும்புப் பந்தயத் திடல் 1950களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் கடையை மூடவில்லை. எப்சமிலும் நியூமார்க்கெட்டிலும் குதிரை ஓடும். பணம் பெல்மதுளையிலும் எட்டியாந்தோட்டையிலும் ஓடும். வாழ்நாளில் குதிரையேறாத ஆட்கள் இங்கிலாந்துக் குதிரைகளின் பரம்பரையை ஒப்புவிப்பதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் தேயிலை லண்டன் ஏலத்துக்குப் போனது, அங்கிருந்து எங்களுக்கு ரேஸ் தாள் வந்தது. நல்ல வியாபாரம்!

அரசாங்கமும் ஒதுங்கி நிற்கவில்லை. தேசிய லொத்தர் சபை 1963-இல் வந்தது. பிறகு அபிவிருத்தி லொத்தர் சபையும் சேர்ந்துகொண்டது; அந்தப் பணம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் போகிறது. புக்கிகளிடம் வரி வாங்க 1988-இல் தனிச் சட்டம் வந்தது. சாக்கு விரித்து ஆடியவனுக்கு 1889-இன் சட்டம், கடை விரித்தவனுக்கு உரிமப்பத்திரம். இந்த ஓரவஞ்சனையை எந்தத் தொழிற்சங்க மேடையிலும் பேசக் கேட்டதில்லை.

மருத்துவம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்ட நோயைத் தன் கையேட்டில் சேர்த்தது 1980-இல். குடி, கஞ்சாவோடு சேர்த்து அதை அடிமைத்தன வரிசையில் வைக்க 2013 ஆனது. கைப்பேசி, கணினி விளையாட்டுக் கோளாறை உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருஷமாவது நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பிள்ளையைப்போல விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்கும் நோய்ப்பட்டம் சூட்டிவிடுவார்கள் என்று எதிர்த்த ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

எங்கள் தோட்டங்களில் கைப்பேசி உள்ளே வந்தது படிப்பின் பெயரால். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. பெற்றோர் தவணைக்கு ஃபோன் எடுத்துக் கொடுத்தார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறின. 2021-இல் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது. அதே ஆண்டு இரத்தினபுரியில் ஒரு மாணிக்க வியாபாரியின் வளவில் கிணறு வெட்டும்போது 510 கிலோ நீலக்கல் பாறை கிடைத்ததென்று உலகமே பேசியது. அந்தச் சமயம்தான் ஒரு தாய் என்னிடம் ஓடிவந்தார்.

"சேர், இவன் டயமண்ட் வாங்குறானாம். போட்ட ரீலோட் எல்லாம் அதுக்கே போச்சு. வீடு முழுக்கத் தேடிட்டேன், எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரியல!"

பையன் தலைகுனிந்து நின்றான். அது விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் வைரம் என்று அந்த அம்மாவுக்கு விளங்கவைக்க நெடுநேரம் பிடித்தது. அதைக் கொடுத்து விளையாட்டுக்குள் திறந்த பரிசுப் பெட்டியில் என்ன விழும் என்று பையனுக்கும் முன்கூட்டித் தெரியாது. இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது.

இலங்கையில் 1889-இன் சட்டத்துக்குப் பதிலாக, 2025-இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்த அதிகாரசபை கொழும்பு கசினோக்களோடு நின்றுவிடாமல், சிறுவர் விளையாட்டுகளில் விற்கும் பெட்டிகளையும் பார்க்கவேண்டும். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் பேசும் ஆலோசகர்களைக் கல்வித் திணைக்களம் அனுப்பவேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையை அடிக்காதீர்கள், ஃபோனை உடைக்காதீர்கள், தவணைக் கடன்தான் மிஞ்சும். கையை மீறிப் போகிறதென்று பட்டால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள்.