தொண்டை நாட்டுத் தேறலும் விலக்கும்

படப்பை என்னும் சொல் சங்க நூல்களில் மனையைச் சார்ந்த தோட்டத்தைக் குறிப்பது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அப்பெயர் தாங்கி நிற்கும் ஊர், இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு அண்டை ஊராகிவிட்டது. எனினும் இது தொண்டை நாட்டு மண். இந்நாட்டைக் காஞ்சியிலிருந்து ஆண்ட இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. வழியெங்கும் வாழும் குடிகளின் உணவை வரிசைப்படுத்தும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வீரர் இல்லத்தில் வடித்த தோப்பியையும், வலைஞர் அரிசிக் கூழைப் புளிக்கவைத்துப் பிழிந்த நறும்பிழியையும், பட்டினத்துக் கள்ளையும் மறைக்காமல் கூறுகிறார். அவருக்கு அவை உணவின் பகுதி.

மறுப்பும் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆனால் அது அறவுரை, சட்டமன்று.

சட்டம் 1937-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் இராசாசி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் விலக்குப் பரவியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 47-ஆம் கூறு, மக்களின் ஊட்டத்தை உயர்த்துவதையும் மதுவை விலக்குவதையும் ஒருங்கே அரசின் கடமையாக்கிற்று. 1971-இல் தளர்ந்த விலக்கு 1974-இல் மீண்டது. 1981-இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987 சனவரி முதல் நாள் மூடப்பட்டன. ஆலையில் வடித்த மதுவோ விலைபோயிற்று. 2003-இல் அதன் சில்லறை விற்பனையையும் அரசின் வாணிபக் கழகமே ஏற்றது. அண்டையிலுள்ள கேரளத்திலும் புதுச்சேரியிலும் ஈழத்திலும் கள் இன்றும் விற்கப்படுகிறது.

விலக்கின் எல்லைக்கோடு நுண்ணியது. பாளை சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிடில் அதே நீர் புளித்துக் கள்ளாகும். முன்னது கருப்பட்டிக்கு மூலம்; பின்னது குற்றம். மரமும் ஒன்று, ஏறுபவரும் ஒருவரே.

மதுவால் குலைந்த குடும்பங்களின் கண்ணீரும், கலப்படக் கள்ளின் கேடும் பொய்யல்ல. விலக்குக் கோரியோர் அவற்றைக் கண்டே கோரினர். ஆயினும் ஏழையின் கலயத்தைக் கவிழ்த்த சட்டம் ஆலையின் புட்டியைத் தொடவில்லை என்னும் வினா விடையின்றி நிற்கிறது. பனை தமிழகத்தின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்க ஆணை உண்டு. அதன்மீது ஏறும் கால்களோ குறைந்துவருகின்றன.

கவிஞர்க்கு இதில் இன்னோர் இழப்பும் உண்டு. தேறல், நறவு, தோப்பி, பிழி, மட்டு, அரியல் எனப் பல பெயரிட்டு அழைத்த மொழிக்கு இன்று கள் என்னும் ஒரு சொல்லே எஞ்சியுள்ளது. அதுவும் வழக்கு மன்றத்தில் மிகுதியாக ஒலிக்கிறது. தளைநாரும் பாளையும் கலயமும் கைவிடப்படும் நாளில், அச்சொற்களுக்கு அகராதியே இறுதிப் புகலிடமாகும்.