ரோடு ரேஷும் விழுகிற பயமும்

2000-களின் தொடக்கத்தில் எங்க திருநகர் பிரவுசிங் சென்டரில் ரோடு ரேஷுக்காகக் காத்திருந்த பையன்களில் நானும் ஒருவன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் அது ஓடியது. ஆனா அது மட்டுமா காரணம்?

கொஞ்சம் பின்னால் போவோம். 1976-ல் அட்டாரி வெளியிட்ட நைட் டிரைவரில் ரோடே கிடையாது. கறுப்புத் திரை, இருபுறமும் நம்மை நோக்கி வரும் வெள்ளைக் கட்டைகள், அவ்வளவுதான். இருந்தும் வேகம் தெரிந்தது. திருமங்கலம் ரோட்டில் பஸ்ஸில் போனால் தூரத்துத் திருப்பரங்குன்றம் மலை மெதுவாகத்தான் நகரும். பக்கத்துக் கரண்டு கம்பம்தான் பறக்கும். அதே சூட்சுமம்.

1982-ல் நாம்கோவின் போல் பொசிஷன் இதற்கு வண்ணம் கொடுத்தது. ஜப்பானின் ஃபூஜி பந்தயப் பாதையையும் உள்ளே கொண்டுவந்தது.

1991-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ரோடு ரேஷ் சேர்த்தது வேறு. பக்கத்தில் வருபவனை உதைக்கலாம், அவனும் உதைப்பான். விழுந்தால் வண்டி ஒரு பக்கம், நாம ஒரு பக்கம். எழுந்து ஓடிப்போய் எடுக்கணும். அதற்குள் நாலு பேர் தாண்டிப் போயிருப்பான். கம்பங்கள் வேகத்தைக் காட்டின. அந்த வேகத்துக்கு ஒரு விலை வைத்தது இந்த ஓட்டம்தான்.

இன்றைய பல கேம்களில் ஒரு பட்டனை அழுத்தினால் விபத்தே நடக்காத மாதிரி பின்னோக்கிப் போய்விடலாம். வசதிதான். ஆனா திருப்பத்தில் உள்ளங்கை வியர்க்குதா, சொல்லுங்க?