வாயைக் கட்டுவதும் உடலின் மறுமொழியும்: மினசோட்டா பட்டினி ஆய்வு குறித்து

‘வாயைக் கட்டினால் போதும்’ என்பது உடல் பருத்தவர்களிடம் நாம் கூசாமல் சொல்லும் அறிவுரை. எலும்பும் தோலுமாகிய பின்னும் உண்ண மறுப்பவரிடம், ‘ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?’ என்று கேட்கிறோம். இரண்டின் அடியிலும் ஒரே எண்ணம் கிடக்கிறது: உண்பது முழுக்க மனத்தின் ஆணைக்குள் அடங்கியது, பருமன் மனவுறுதியின் குறை, மெலிவு அதன் மிகை. இது தவறு. பருமனையும் உண்ணல் கோளாறுகளையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துவைத்ததால்தான் இந்தத் தவறு இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு இங்கே முதல் சான்று. இரண்டாம் உலகப் போரினால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை மீட்பது எப்படி என்பதே அவர் அறிய விரும்பியது. மனச்சான்றின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடல்நலமும் மனநலமும் சோதித்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்களுக்கு அவர்கள் உணவு ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது: நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, பெரும்பாலும் உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டைக்கோசு, மக்ரோனி. எடையில் கால்பங்கு கரைந்தது.

கரைந்தது எடை மட்டுமன்று. சில நிமிடங்களில் முடிகிற உணவை மணிக்கணக்காக நீட்டி உண்டார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் நூல்களைச் சேர்த்தார்கள். பேச்சிலும் கனவிலும் சோறுதான். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன, காமம் வற்றியது, நண்பர்களோடு இருப்பதே பாரமாயிற்று. உணவு கூட்டப்பட்ட மீட்புக் கட்டத்திலும் மனம் தேறாத ஒருவர் கோடரியால் தம் விரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்றே செய்தாரா என்பது அவருக்கே விளங்கவில்லை. உண்ண மறுத்து மெலியும் அனோரெக்சியா நோயாளியிடம் இதே நடத்தைகளைக் கண்டால் குடும்பச் சிக்கலிலும் குழந்தைப் பருவத்திலும் வேர் தேடுவது வழக்கம். மினசோட்டாவில் அவற்றைத் தோற்றுவிக்கச் சில மாதப் பட்டினியே போதுமாக இருந்தது.

அதைவிட முக்கியமானது பட்டினி முடிந்த பின் நடந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு வெடிக்கும் அளவு உண்டும் பசி அடங்காமல் தவித்தார்கள். உணவு குறைந்தபோது அடிப்படை ஆற்றல் செலவை ஏறத்தாழ 40 விழுக்காடு சுருக்கிக்கொண்டிருந்த உடல், இப்போது தசையை முந்திக்கொண்டு கொழுப்பைச் சேர்த்தது. அந்தக் கொழுப்பு பழைய அளவையும் தாண்டியது. அள்ளித் தின்னும் கோளாறுக்கும் பருமனுக்கும் இடையிலுள்ள வாசல் இதுதான் என்பேன். வாயைக் கட்டியதற்கு உடல் தந்த மறுமொழியை நாம் வாயடக்கமின்மை என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

இதன் உயிர்வேதியியல் துலங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டின், கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செல்லும் சேதி. அதை ஊசியில் ஏற்றினால் பருமன் தீரும் என்று எழுந்த ஆரவாரம் விரைவில் ஓய்ந்தது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்கு அது பெரும்பயன் தந்தது, ஆனால் பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே மிகுதியாகவே சுரக்கிறது. லெப்டின் கூடும்போது உடல் பெரிதாக அசைவதில்லை. குறையும்போதுதான் அபாயமணி அடிக்கிறது. 1995இல் லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் காட்டியதும் இதற்கு இசைகிறது: எடையைப் பத்து விழுக்காடு குறைத்து அந்நிலையில் நிறுத்தியவர்களின் ஆற்றல் செலவு, இழந்த எடைக்கு ஈடான அளவைவிடக் கூடுதலாகக் குறைந்தது. மெலிந்தவர், பருத்தவர் இரு சாராரிடமும் அப்படியே. தொடக்கத்தில் எவ்வளவு பெரிய உடல் என்று மூளை பார்ப்பதில்லை; இருந்ததிலிருந்து எவ்வளவு போயிற்று என்றே பார்க்கிறது.

வலுவான மறுப்பு ஒன்று இங்கே எழும். மினசோட்டா இளைஞர்கள் உண்ணத் துடித்தவர்கள். அனோரெக்சியா நோயாளியோ தட்டு முன்னே இருந்தும் ஒதுக்குகிறார். உண்மைதான். பட்டினி அந்நோயை எப்படி நீடிக்கச் செய்கிறது என்பதை இந்த ஆய்வு விளக்குகிறது. எப்படித் தொடங்குகிறது என்பதை விளக்கவில்லை. பெண்களிடமே மிகுதியாகக் காணும் நோயைப் பற்றி 36 ஆண்களை வைத்துப் பேசுகிறோம் என்பதையும் மறப்பதற்கில்லை. ஆயினும் தொடக்கம் முழுக்க மனத்தினது என்று விட்டுவிடவும் முடியாது. 2019இல் வெளியான மரபணு ஆய்வு, சுமார் 17,000 நோயாளிகளின் தரவிலிருந்து அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு மரபணு இடங்களைக் காட்டியது. அந்நோயின் மரபு மனநோய்களின் மரபோடு மட்டுமின்றி, வளர்சிதைமாற்றப் பண்புகளின் மரபோடும் பின்னியிருந்தது. உடல் மெலிவதற்கு எல்லோருடைய உடலும் ஒரே அளவு எதிர்ப்புக் காட்டுவதில்லை போலும். மெலிவைப் போற்றும் பண்பாடு எல்லார் காதிலும் ஓதினாலும் சிலர் மட்டும் வீழ்வதற்கு இது ஒரு காரணமாகலாம்.

செமாகுளூடைட் போன்ற, பசியை அடக்கும் புதிய மருந்துகள் இந்த விவாதத்தை முடித்துவைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு பெரிய சோதனையில் 68 வாரங்களில் எடை சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. மருந்து அடக்கியிருந்த மணி மீண்டும் ஒலித்தது, அவ்வளவே. பருமனுக்காக வருபவரிடம் மருத்துவமனைப் படிவங்கள் நாள் முழுதும் என்ன சாப்பிட்டீர்கள் என்று தவறாமல் கேட்கின்றன. இதுவரை எத்தனை முறை பட்டினி கிடந்தீர்கள், ஒவ்வொரு முறையும் அதன் பின் என்ன நடந்தது என்பதை அதே படிவத்தில், அதற்கும் முன்பே கேட்க வேண்டும்.