பச்சை: நிறமா, நிலையா?

1954இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்று பாராட்டினார். அத்தொடரைக் கேட்ட தமிழர் எவரும் நிறத்தை நினைத்திருக்க வழியில்லை. அதனைப் பிறமொழியில் ஆக்க முற்படுவோருக்கோ இடர் அங்கேயே தொடங்குகிறது. அகராதிகள் பெரும்பாலும் 'பச்சை' என்பதற்கு நிறப்பொருளை முதலில் நிறுத்தி, வேகாமை, காயாமை, முதிராமை, கலப்பின்மை ஆகியவற்றை அதன் பின்னே வரிசைப்படுத்துகின்றன. நிறமே மூலம், ஏனையவை அதன் விரிவு என்னும் எண்ணத்தை இவ்வரிசை தோற்றுவிக்கிறது. சொல்லின் வரலாறு இதற்கு இடந்தருகிறதா என்பது ஆராயத்தக்கது.

திருக்குறளின் 660ஆம் பாவில் வரும் 'பசுமட்கலம்' சூளையில் சுடப்படாத மண்கலமாகும். அதன் நிறம் பச்சையன்று. புறநானூற்றில் பயிலும் 'பச்சூன்', 'பைந்நிணம்' என்பனவும் அத்தகையவே. பொருநராற்றுப்படை யாழின் தோற்போர்வையைப் 'பச்சை' என்றே பெயரிட்டு, அதன் நிறத்தை விளக்கின் அழலுக்கு உவமிக்கிறது. செந்நிறத் தோல் 'பச்சை' எனப்படுவது இன்றைய படிப்பாளருக்கு முரணாகத் தோன்றலாம். பதனிடாத தோலைக் குறித்த சொல் நாளடைவில் தோலுக்கே பெயராயிற்று எனக் கொண்டால் முரண் நீங்கும். எனினும், பாசடை, பைங்கிளி, பச்சிலை முதலான நிறப்பொருள் ஆட்சிகளும் அதே பழைமையுடையன. ஆகவே கால முன்மை ஒன்றைக் கொண்டு எது மூலம் என முடிவுகட்ட இயலாது. நிறப்பொருள் பின்னர் வந்தது என்று துணிவதும் மிகையே.

நிறப்பொருளுக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியிற் படரும் பசலை இவ்வேரிற் பிறந்ததே. பசப்பு என்பது நிறத்தைக் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் ஓதுகிறது. எந்நிறம் என்று அது விளக்கவில்லை. சங்கப் புலவர் பசலைக்கு உவமை காட்டுவது பீர்க்கம் பூவை. அதுவோ மஞ்சள். பொன்னைப் 'பசும்பொன்' என்றதும் இங்கு நினைக்கத்தக்கது. தெலுங்கில் மஞ்சள் கிழங்கு 'பசுப்பு', பொன் 'பசிடி'. அம்மொழியில் 'பச்ச' என்பது இன்றும் இருநிறத்துக்கும் பொது. ஐயம் நேருமிடத்து 'ஆகுபச்ச' (இலைப்பச்சை), 'பசுப்புபச்ச' (மஞ்சட்பச்சை) எனப் பிரித்துரைப்பர். தமிழில் மஞ்சட் பகுதியைக் கிழங்கின் பெயராகிய 'மஞ்சள்' எடுத்துக்கொண்டது. 'பச்சை' எஞ்சிய பகுதியில் நிலைத்தது. பெர்லின், கே ஆகியோர் 1969இல் வெளியிட்ட அடிப்படை நிறச்சொற் கோட்பாட்டில் பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் படிகள். இச்சொற்குழு அவ்வரிசையில் எளிதில் அடங்குவதன்று. தளிரின் நிறத்தை ஒரு முனையாகவும் வெளிறிய பொன்னிறத்தை மறுமுனையாகவும் கொண்ட பரப்பு எனில் ஓரளவு பொருந்தும்.

பரோ, எமனோ ஆகியோர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இச்சொற்களை ஒரே தொகுதியில் வைத்தது. அவற்றை ஒருசேர நோக்கினால் நிறத்தைவிட நிலையே பரந்து கிடக்கிறது. கன்னடத்தில் 'ஹசிரு' நிறம். 'ஹசி' வேகாதது, ஈரங்காயாதது. தெலுங்கில் 'பச்சி' வேகாதது. 'பசி' இளங்குழவியைக் குறிக்கும் அடை. மலையாளத்தில் 'பச்சவெள்ளம்' காய்ச்சாத நீர். வடசொற் கலவாது பாடமுயன்ற ஓர் இயக்கம் அங்குப் 'பச்சமலயாளம்' என்றே பெயர்பெற்றது. தீ தொடாமை, நீர் வற்றாமை, காலம் முதிராமை, பிறிது கலவாமை என்பன ஒரே கருத்தின் முகங்கள். தளிரின் நிறம் அக்கருத்தின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எனலாம்.

இன்றைய வழக்கில் இக்கருத்து உயிரோட்டத்துடன் உள்ளது. பச்சரிசி புழுக்காதது. பச்சை உடம்பு மகப்பேற்றின் தளர்ச்சி தீராதது. சமையற்கட்டில் 'பச்சை வாசனை' போக வதக்குவது வெங்காயத்தையும் மசாலாவையும். இரண்டும் பச்சை நிறமல்ல. பச்சைக் கற்பூரம் வெண்ணிறமானது. மறைப்பின்றிப் பேசுவது பச்சையாகப் பேசுதல். மெய்யின் சாயலும் கலவாதது பச்சைப் பொய். பச்சைத் தமிழரும் இவ்வரிசையினரே. மாறாக, பச்சை குத்துதல் என்பதில் தோலின்மேல் தோன்றும் நிறமே பெயர்க் காரணம். பச்சைக்கொடி காட்டுதல் இருப்புப்பாதை தந்த வழக்கு. அரசு அலுவலர் பச்சை மையிற் கையொப்பமிடுவதும் நிறத்தைச் சார்ந்ததே. அதன் மதிப்பு வேறு கதை.

இருபதாம் நூற்றாண்டின் கலைச்சொல்லாக்கம் மற்றொரு பிரிவினையையும் உண்டாக்கிற்று. வேளாண் மாற்றத்தைக் குறிக்க 1968இல் ஆங்கிலத்தில் எழுந்த தொடரைத் தமிழ் 'பசுமைப் புரட்சி' என்று ஏற்றது. 'பச்சைப் புரட்சி' என்னவில்லை. சுற்றுச்சூழல் சார்ந்த பிற ஆக்கங்களும் பெரும்பாலும் 'பசுமை'யையே நாடின. நெடுநாள் மறவாதவை பசுமையான நினைவுகள். அவற்றைப் பச்சையான நினைவுகள் என்றால் பொருளே திரிந்துவிடும். பண்புப்பெயர் உயர்வழக்கிலும், 'பச்சை' கைக்கெட்டும் பொருள்களிலும் வசைச்சொல்லிலும் நிலைகொண்டன.

மொழிபெயர்ப்பாளருக்கு எதிர்ச்சொல்லே நல்ல உரைகல். குறிப்பிட்ட இடத்தில் 'பச்சை'க்கு எதிர் 'சிவப்பு' என்று வருமாயின் அது நிறம். 'வெந்தது', 'காய்ந்தது', 'கலந்தது' என்று வருமாயின் நிலை. சில இடங்களில் இரண்டும் ஒத்துவரும்போல் தோன்றும். பச்சை மிளகாயை நிறப்பெயர் என்றே பலரும் கருதுவர். ஆயின் கடையிற் சென்று கேட்பவருக்கு அதன் எதிர் சிவப்பு மிளகாய் அன்று; மிளகாய் வற்றல்.